சோஹாரில் தம்பி ஆடிய மேடை

இது நடந்தது. நடந்த இடம் ஓமானில் சோஹார். வருஷம் இரண்டாயிரத்து ஆறு, ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் நட்டநடு மத்தியானம். பேயாவது பிசாசாவது என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கார்மேகமும் அன்று மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவன்தான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். துறைமுக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் சாரம் கட்டுகிற வேலை. தம்பி முனியசாமியையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தான். அண்ணன் பறை அடிப்பான், தம்பி ஆடுவான். பொங்கலன்று, வேலையாட்கள் தங்கும் கேம்பில் அவர்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர் கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது. ஆறு மாதம் கழித்து அதுவே வினையாகப் போனது. வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் பெரிய தலைகள் வருகிறார்கள், பேரீச்சந்தோட்டத்துக்குள் இருக்கிற பழைய வியாபாரி வீட்டில் விருந்து, நீங்கள் இரண்டு பேரும் ஆட வேண்டும் என்று வந்து நின்றார். சட்டை போடக் கூடாதாம். உடம்பில் எண்ணெய் பூசிப் பளபளவென்று நிற்க வேண்டுமாம். அந்த வீட்டில் ஒரு காலத்தில் கறுத்த ஆட்கள் வெள்ளைக்காரத் துரைகளுக்கு அப்படித்தான் ஆடிக் காட்டினார்களாம். வருகிறவர்களில் பெரிய சாகிபுக்கு அதே மாதிரி வேண்டுமாம்.

நாம் என்ன காட்சிப் பொருளா என்று கார்மேகம் தம்பியிடம் பொருமினான். ஆனால் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். லீவு பேப்பர் கௌஸ் முகம்மதுவின் கையில், பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில். முடியாது என்று சொல்லும் தைரியம் அதற்கு மேல் எங்கிருந்து வரும்? வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

வேன் ஓட்டி வந்தவன் ராமநாதபுரத்து முகம்மது சித்தீக். வேடிக்கை பார்க்க கேம்பிலிருந்து எட்டுப் பேர் தொற்றிக்கொண்டார்கள். எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். சித்தீக் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே சாய்ந்துவிட்டான். வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தின் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கல்மேடை. அதற்கு எதிரே விருந்தாளிகளுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் மட்டும் ஒரு பழைய மர நாற்காலி. அது அந்த வீட்டிலேயே கிடந்ததாம்.

வாசலில் காவலுக்கு மப்ரூக் என்று ஒரு கிழவர். ஆப்பிரிக்கா பக்கத்து முகம், ஆனால் பிறந்து வளர்ந்தது சோஹாரில்தான். கார்மேகத்தின் தோளில் தொங்கிய பறையைப் பார்த்தார். எண்ணெய் பூசிய முனியசாமியைப் பார்த்தார். இங்கே வாசிக்க வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று அரைகுறை இந்தியில் கெஞ்சினார். கௌஸ் முகம்மது அதட்டியதும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் முற்றத்துக்குள் அவர் கால் வைக்கவே இல்லை.

ஜூலை மாத வெயில். வெறுங்காலோடு மேடையில் ஏறிய முனியசாமி சிரித்தான்.

"அண்ணே, கல்லு சில்லுன்னு இருக்குண்ணே. கீழ ஏசி வச்சிருப்பாய்ங்க போல."

கார்மேகம் தொட்டுப் பார்த்தான். கல் ஐஸ்கட்டியாக இருந்தது. பக்கத்து மண்ணிலோ சூட்டில் கை வைக்க முடியவில்லை. என்ன இழவோ என்று விட்டுவிட்டான். ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினான். எவ்வளவு காட்டியும் தோல் தொளதொளவென்றே கிடந்தது. மேடையோரம் போய் நின்றான்... தோல் தானாக விறைத்துக்கொண்டது. யாரும் தட்டாமலே ஒரு தரம், 'டங்' என்றது.

மணி இரண்டே கால். அடியைத் தொடங்கினான்.

முனியசாமி ஆட்டத்தில் சூரன். கால் சலங்கை அடிக்கு அடி பதில் சொல்லியது. பார்க்க வந்தவர்கள் விசில் அடித்தார்கள். அந்த விசிலுக்கு நடுவே நாற்காலிப் பக்கமிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. ஒற்றை ஆளின் கைதட்டல். மெதுவாக... சீராக... கௌஸ் முகம்மது தாளம் போடுகிறார் என்று நினைத்தான். திரும்பினால் கௌஸ் முகம்மது வாசல் பக்கம் முதுகைக் காட்டி மொபைலில் பேசிக்கொண்டிருந்தார்.

நாற்காலிகள் காலியாக இருந்தன.

கைதட்டல் வேகமெடுத்தது. கார்மேகத்தின் கையும் வேகமெடுத்தது. அப்போதுதான் முனியசாமியின் முதுகில் முதல் கோடு விழுந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை, சிவப்பாக, புடைத்துக்கொண்டு.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? கார்மேகத்தின் அப்பா ஊரில் கருப்பசாமிக்கு ஆடுகிறவர், சாமி வந்தால் சாட்டையடி வாங்குகிறவர் என்பது கேம்பு முழுக்கத் தெரியும். கருப்பன் கடல் தாண்டி இறங்கிவிட்டான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் மணிபர்சிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டான். இன்னொருவன் மேடையோரம் கும்பிட்டு விழுந்து, தன் பெண்டாட்டிக்குப் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று குறி கேட்டான். கார்மேகத்துக்கும் உடம்பு சிலிர்த்தது. அப்பாவுக்குப் பிறகு தம்பிக்கு அருள் வந்துவிட்டது என்று கண் கலங்கினான். சாமி இறங்கினால் அடியை ஏற்ற வேண்டும், அது நம் வழக்கம்.

ஏற்றினான். பலம் கொண்ட மட்டும் அடித்தான்.

இரண்டாவது கோடு. மூன்றாவது. எண்ணெயோடு ரத்தம் கலந்து வழிந்தது.

அவன் குச்சி பறைத் தோலில் விழும்போதெல்லாம் தம்பியின் முதுகு பிளந்தது. குச்சி உயர்ந்தால் ஒன்றுமில்லை. விழுந்தால் ஒரு கோடு. கார்மேகத்துக்கு அது புரிய நேரமானது. புரிந்த நேரத்தில் முனியசாமி திரும்பினான். கண்ணில் அருள் இல்லை. அழுகை இருந்தது.

"அண்ணே... அடிக்காதண்ணே... வலிக்கிது..."

சாமி யாரையும் அண்ணே என்று கூப்பிடாது.

கார்மேகம் கையை நிறுத்தினான்.

கை நிற்கவில்லை.

குச்சியை உதறினான். விரல்கள் பிரியவில்லை. பறையைக் கழற்றி எறிந்தான். அது மண்ணில் போய்க் குப்புற விழுந்தது. கை வெறும் காற்றில் அடித்தது...

சத்தம் கேட்டது. டங்... டங்... டங்...

தம்பியின் முதுகில் கோடு விழுந்தது.

குறி கேட்டவன் எழுந்து ஓடினான். கௌஸ் முகம்மது எப்போதோ ஓடிவிட்டிருந்தார். மூன்று பேர் மட்டும் கார்மேகத்தின் கையில் தொங்கினார்கள். கை ஒரே உதறு உதறியது. ஒருவன் சுவரில் போய் மோதினான். மற்ற இருவரும் அவனை இழுத்துக்கொண்டு ஓட்டமெடுத்தார்கள்.

முனியசாமியின் கால்களும் நிற்கவில்லை. சலங்கை அறுந்து தெறித்தது. பாதத்தில் தோல் கிழிந்து, கல்லெல்லாம் ரத்தம்.

கைதட்டல் இன்னும் வேகமாக...

தம்பி இன்னும் பத்து அடி தாங்க மாட்டான். கார்மேகத்துக்கு அது தெரிந்தது. வலது கையை மேடை விளிம்பில் வைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினான். உயிர் போகிற மாதிரி கத்தினான்.

"சித்தீக்கு... உள்ள வாடா... எங் கைய ஒடைடா..."

பின்னால் மண்ணில் காலடி.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுத்த கை நீண்டது. இடது கை. அதில் ஒரு கல்.

கல் இறங்கியது.

எலும்பு நொறுங்கியது. இன்னொரு தரம் இறங்கியது.

கைதட்டல் நின்றது.

முனியசாமி வெட்டிப்போட்ட வாழை போலச் சரிந்தான். மூச்சு இருந்தது. கார்மேகம் அவன் மூக்கருகே இடது கையை வைத்துப் பார்த்தான், பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. அடுத்த கட்டிலில் தம்பி குப்புறக் கிடந்தான். சாரக் கம்பி சரிந்து இருவர் மேலும் விழுந்துவிட்டது என்று கௌஸ் முகம்மது எழுதிக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சித்தீக் வந்தான். கார்மேகம் கட்டுப்போட்ட கையை நீட்டி அழுதுவிட்டான். நீ கல்லைப் போட்டிருக்காவிட்டால் தம்பி பிணம், இந்த நன்றியை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன் என்றான்.

சித்தீக் திருதிருவென்று விழித்தான்.

"அண்ணே, நான் உள்ளயே வரலையேண்ணே. ஏசி போட்டுத் தூங்கிட்டேன். எல்லாரும் கத்திக்கிட்டு ஓடி வரவும்தான் முழிச்சேன். உள்ள வந்து பாக்கையில நீங்க ரெண்டு பேரும் மயங்கிக் கெடக்கீங்க. வேற ஒரு ஆளு இல்ல."

அவனோடு கிழவர் மப்ரூக்கும் வந்திருந்தார். அவர் கார்மேகத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவருடைய தாத்தா அந்த வீட்டில் அடிமையாக இருந்தவராம். கப்பலில் வெள்ளைக்காரத் துரைகள் வந்து இறங்கினால் அந்த மேடையில் ஆட்டம் நடக்குமாம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்ற இரண்டு பேர், அண்ணன் தம்பி. அண்ணன் கொட்டுவான், தம்பி ஆடுவான். எஜமான் மர நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவான். அவன் கைதட்டி முடிக்கும் வரைக்கும் ஆட்டம் நிற்கக் கூடாது. ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல், கால் தடுமாறிவிட்டது. எஜமான் அண்ணனிடமே சாட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னான். விருந்தாளிகள் பார்த்துச் சிரித்தார்கள். அடிபட்டே தம்பி செத்துப்போனான். அண்ணன் அங்கேயே வலது கையை மேடை விளிம்பில் வைத்து, இடது கையால் கல்லெடுத்து நொறுக்கிக்கொண்டான். மறுநாள் அவனையும் கொன்றுவிட்டார்கள்.

அப்போ அந்தக் கை, என்று கார்மேகம் இழுத்தான்.

அன்றைக்கு அந்த அண்ணன் காலம் கடந்துதான் கையை உடைத்துக்கொண்டான், தம்பி முன்பே செத்துவிட்டான், இந்தத் தடவை நேரத்துக்கு வந்திருக்கிறான் என்றார் கிழவர்.

அடுத்த கட்டிலிலிருந்து முனியசாமி பேசினான். நான்கு நாளில் அதுதான் அவன் முதல் பேச்சு.

"நாக்காலியில உக்காந்திருந்தானே... அவன் போயிட்டானாண்ணே?"

சித்தீக் அதை இந்தியில் கேட்டான். கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தீக் குரலைத் தாழ்த்தினான். விருந்தை ரத்துச் செய்யவில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமைக்கு வேறு கேம்பில் ஆள் பிடித்துவிட்டாராம் கௌஸ் முகம்மது. இன்றைக்கு மத்தியானம் இரண்டே காலுக்கு ஒத்திகையாம்.

"யாரு, நம்ம ஆளுகளா?" என்றான் கார்மேகம்.

"சிலோன்ல கண்டிக்காரய்ங்கண்ணே. அண்ணன் தம்பி ரெண்டு பேரு."

மணி ஒன்று ஐம்பது. கார்மேகம் கட்டிலைவிட்டு இறங்கி, இடது கையால் சட்டையைத் தேடினான். வண்டியை எடு என்றான்.