அடிபிடித்த கிடாரம்

லூசியம்மாளுக்குத் தீய்ந்த பால் வாடை பட்டாலே குடலைப் புரட்டும். பிழைப்போ முழுக்க அதில்தான். மாட்டுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்று வம்பளக்கிற ஒரு மாமி. அடி கறுத்த பாத்திரத்தைக் குழாயடியில் தொப்பென்று போட்டுவிட்டு, "லேசாத்தான் பிடிச்சிருக்கு லூசி" என்பார்கள். லேசாம்! சாம்பலும் புளியும் போட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற அளவுக்குத் தேங்காய் நாரால் தேய்த்தால்தான் அந்த லேசு போகும். சுரண்டிய காந்தல் நகக்கண்ணில் ஏறி ஊறும். வேலை முடிந்து தாராவியில் வீட்டுக்கு நடந்து வரும்போது தன் கையைத் தானே மூக்குக்கு அருகில் கொண்டுபோக மாட்டாள்.

அவள் புருஷன் சூசைமாணிக்கம் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் பியூன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து சாப்பிட உட்காருவார். அவள் சோறு வைத்தால் முகத்தைச் சுளித்து, "கைய இன்னொரு மட்டம் கழுவிட்டு வாட்டி, நாறுது" என்பார். நாறத்தான் செய்யும். அவர் தின்கிற சோற்றில் பாதி அந்த நாற்றத்தில் வந்ததுதான். அது மட்டும் அவர் மூக்குக்கு எட்டாது.

இதைக்கூடச் சகித்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அந்தோணியார் அசனம். சந்து முனையில் சிலுவை நட்ட குருசடியில் வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, பொதுவில் ஆக்கி, எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அங்கே பெரியவன் சின்னவன் கிடையாது என்பார் உபதேசியார். லூசியம்மாளும் அரிசி கொடுப்பாள். ஆனால் இலை முன்னால் உட்கார்ந்த ஞாபகம் அவளுக்கு இல்லை. சோறாக்கும் கிடாரம் ஒன்றுதான். முதல் பந்திச் சோறு எப்படியும் அடிபிடித்துவிடும். உடனே, "லூசியக்கா எங்க?" என்று ஒருத்தன் தேடுவான். தெரிந்த வேலைதானே! அதோடு குழம்புச் சட்டியும் கரண்டிகளும் வந்து சேர்ந்துகொள்ளும். அவள் நிமிரும்போது கடைசிப் பந்தியும் எழுந்து போயிருக்கும்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஒரு முடிவோடு வந்தாள். பெட்டியில் கிடந்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு, முதல் பந்தியில் அடுத்த வீட்டுச் சேசம்மாள் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஒரே ஒரு தடவை, மற்றவர்களைப் போல, உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சோறு இலையில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. ஊரே சப்புக்கொட்டித் தின்றது. அவள் மூக்கில் தீய்ச்சல் வாடைதான் ஏறியது.

சமையல் பார்க்கிற மிக்கேல்ராஜ் ஓடிவந்தான். "யக்கா, கிடாரம் கரியாப் போச்சு. ரெண்டாம் பந்திக்கு உலை வைக்கணும், கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

"நான் சாப்பிட உக்காந்திருக்கேன்லா?" என்றாள்.

எதிர் வரிசையில் வாய் நிறையக் கறியோடு உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம் குரல் கொடுத்தார். "ஏட்டி, போயிட்டு வா. சோறு எங்கயும் ஓடிராது. ஏல மிக்கேலு, இவ தேச்சா கிடாரம் கண்ணாடியா மின்னும்!"

பெருமையாம் பெருமை. நாலு பேர் சிரித்தார்கள். தீய்ந்த சோற்றைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குக் குமட்டியது.

"அப்போ நீங்களே போய் மினுக்குங்க," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "தெனமும் என் கை நாறுதுங்கீயல்லா? அந்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வாங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

தேய்க்கிறேன் என்று எழுந்திருக்க யாருமில்லை. வெளியே இரண்டாம் பந்திக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணாச்சி, நேரமாவுது," என்றான் மிக்கேல்ராஜ். இப்போது அவன் பார்த்தது சூசைமாணிக்கத்தை. ஊர் முன்னால் மறுக்க வழியில்லாமல் அவர் எழுந்து போனார்.

கிடாரத்துக்குள் தலையை விட்டு ஒரு தடவை சுரண்டியிருப்பார். அவர் ஓங்கரித்த சத்தம் பந்தி வரைக்கும் கேட்டது. சேசம்மாள் அவள் தொடையில் இடித்து, "பாவம்லா அவுக, போயேன்," என்றாள்.

லூசியம்மாள் அசையவில்லை. சோறு வாயில் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு கவளமும் கரியை மெல்லுவதாகத்தான் இருந்தது. இருந்தாலும் மறுசோறு கேட்டு வாங்கித் தின்றாள்.