கால்வாய்க்கரை நாடகக்காரிகள்

தெருநாடகத் தொழிலில் மழையைச் சமாளித்துவிடலாம், நடுவில் வந்து படுத்துக்கொள்ளும் நாயையும் சமாளித்துவிடலாம்; பார்க்க வந்தவர்கள் வாயைத் திறந்தால்தான் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

என் கணவருக்கு மத்திய அரசு வேலை. தொண்ணூறுகளில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி, சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கிய சின்னக் கலைக்குழு ஒன்றில் காலை வேளையில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பஸ்தி என்று அங்கே சொல்லப்படும் குடிசைப் பகுதிகளுக்குப் போய், அங்குள்ள பெண்களோடு சேர்ந்து படம் வரைவது, பாட்டுக் கட்டுவது, நாடகம் போடுவது, அதன் வழியாகச் சமூகத்தை மாற்றுவது என்பது குழுவின் நோக்கம். நடத்தியவர் ஷுப்ரா-தி. கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்தவர்; கோபம் வந்தால்கூட மெதுவாகத்தான் பேசுவார். ஆண் வேஷம் அத்தனையும் தேபு-தா. அங்கே பேரோடு 'தி' சேர்த்தால் அக்கா, 'தா' சேர்த்தால் அண்ணன். நான் டைப்பிஸ்ட் மட்டும்தான். 'சும்மா ஆபீஸ் வேலைதான்' என்ற பேச்சை நம்பி இப்படி ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது எதற்கும் நீங்கள் ஆச்சரியப்படமாட்டீர்கள்.

முதல் நாளே மாமியார்

சேர்ந்த அன்றே காஸ்பா பக்கம் ஒரு நாடகம். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன். மாமியாராக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல், வரவில்லை. ஷுப்ரா-தி என் புடவைத் தலைப்பை இழுத்து என் தலையில் போட்டு, "நீங்க கத்தினாப் போதும், மத்ததை அவங்க பாத்துப்பாங்க" என்று மெதுவாகச் சொல்லி நடுவில் தள்ளிவிட்டார். அப்போது எனக்குத் தெரிந்த வங்காளி, காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். சுற்றிலும் ஒரே கூட்டம். வேறு வழியில்லாமல் தமிழிலேயே ஆரம்பித்தேன்: "அரிசியில கல்லு பொறுக்கக்கூடத் தெரியாதா? உங்கம்மா என்னத்தைத்தான் சொல்லிக்குடுத்து அனுப்பினா?"

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. எங்கிருந்து வந்ததோ, அப்படி வந்தது. மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகிவிட்டது. நாடகம் முடிந்து தலைப்பை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எந்த ஊரு பாஷைன்னு தெரியல தீதி. ஆனா நீங்க திட்டினது ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரிஞ்சுது."

தேபு-தாவுக்கு விழுந்த அடி

தேபு-தா நிஜ வாழ்க்கையில் பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் இறங்குகிறவரை மன்னிப்புக் கேட்பவர். அவருக்கு எப்போதும் குடிகாரப் புருஷன் வேஷம். சால்ட் லேக்கை ஒட்டிய கால்வாய்க்கரை பஸ்தியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நாடகத்தைப் போட்டோம். மனைவியை அடிக்க தேபு-தா கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. கூட்டத்திலிருந்து லுங்கி கட்டிய ஓர் ஆள் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து, வாயிலேயே ஒரு குத்துவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "நடிப்பு! நடிப்பு!" என்று நாங்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அந்த ஆளின் கண்ணில் தண்ணீர். "பொம்பளை மேல கை வைக்கிறவன் மனுஷனாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

ஒருவழியாகப் பிரித்துவிட்டோம். ஷுப்ரா-தி கைக்குட்டையை நனைத்து தேபு-தாவின் உதட்டில் வைத்து, "வலிக்குதுதான். ஆனா ஒரு மனுஷன் மனசையாவது இந்த நாடகம் தொட்டிருக்கு பாருங்க" என்று அவருக்குச் சமாதானம் சொன்னார். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அந்த ஆளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஷுப்ரா-தியிடம் சொன்னாள்.

"அவரு என் புருஷன்தான் தீதி. மிச்ச அடி வீட்டுக்கு வந்து எனக்கு."

மாலதி வரைந்த கதவு

ஷுப்ரா-தி அன்று சாயங்காலம்வரை அந்தப் பெண்ணின் குடிசை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த மற்றப் பெண்கள், "ஆம்பளைங்க இல்லாம, எங்களுக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க" என்றார்கள். அப்படித்தான் ஞாயிறுதோறும் மத்தியானம் அங்கே பட வகுப்பு தொடங்கியது. வந்தவர்கள் பெரும்பாலும் சால்ட் லேக் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். தரையில் பழைய புடவைகளை விரித்து, பகலெல்லாம் எந்த இடத்தில் இருக்கிறீர்களோ அதை வரையுங்கள் என்றார் ஷுப்ரா-தி. அடுப்பு வந்தது, துணி துவைக்கிற கல் வந்தது. மாலதி என்ற ஒல்லிப் பெண், எதற்கெடுத்தாலும் உரக்கச் சிரிப்பவள், பெரிதாக ஒரு கதவை மட்டும் வரைந்தாள். அதில் பூட்டு. பூட்டுக்கு மேலே கொடி மாதிரி ஏதோ சுருள் சுருளாக.

நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்ததால் தலைகீழாகத் தெரிந்தது. பெயிண்ட் டப்பாவோடு சுற்றி அவள் பக்கம் வந்தேன். அது கொடி இல்லை. தமிழ். ஒரு சுழி குறைந்தாலும் தெளிவாகப் படிக்க முடிந்தது: 'நல்வரவு.' மாலதி சொன்னாள்: படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வீட்டுக்காரரும் மனைவியும் காலையில் காரில் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மாடிப்படியடியில் மீட்டர் பெட்டி தீப்பிடித்துப் புகை மேலே ஏறியிருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களும் கீழே ஓடிவிட்டார்கள். இவள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி, கடைசியில் பெரியவரைக் கட்டிலோடு பால்கனிக்கு இழுத்துப்போய் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். தீ தானாக அணைந்ததால் பிழைத்தார்கள். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, அந்தச் சுருளெல்லாம் எழுத்தா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "உள்ளே வாங்க வாங்கன்னு எழுதியிருக்கு" என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"அப்படியா? நான் இத்தனை நாளா 'வெளியே போகாதே'ன்னு எழுதியிருக்குன்னு நெனச்சேன் தீதி."

செல்வி அக்கா கேட்ட கேள்வி

அந்த 'நல்வரவு' ஸ்டிக்கரை ஊரிலிருந்து அப்பளத்தோடு வாங்கிவந்து கொடுத்ததே நான்தான். அடுத்த பிளாக்கில் இருந்த செல்வி அக்காவுக்கு. திருநெல்வேலிக்காரர், பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாங்கள் லாரியிலிருந்து சாமான் இறக்கிய அன்று சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் கணவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய அதிகாரி, ரொம்பத் தன்மையாகப் பேசுவார். அந்த வீட்டிலா இப்படி என்று எனக்கு நம்பவே முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வழக்கம்போல் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தபோது கேட்டுவிட்டேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "பூட்டாமப் போனா மாமாவ விட்டுட்டு அவ எங்கயாவது போயிட்டான்னா யாரு பாக்கது?" என்றார். தீப்பிடித்ததைச் சொன்னேன். "ஒண்ணும் ஆகலைல்லா" என்றார். "ஆகியிருந்தா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கார்டு பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்: "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல என்னையும் பூட்டிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாக. பாஷை தெரியாத ஊரு, கதவத் தொறந்து யார்ட்டயாவது பேசிருவேன்னு. மூத்தவன் வயித்துல இருக்கும்போது ஒருநா மயங்கிக்கூட விழுந்தேன். சாயங்காலம் அவுக வந்துதான் தண்ணி தெளிச்சாக." அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீங்க இன்னைக்கு இவளுக்காக நாடகம் போடுதீங்க. அன்னைக்கு எனக்கு யாருட்டி போட்டா?"

பூங்காவில் ஒரு கேள்வி

மாலதியின் பூட்டிய கதவை வைத்து ஒரு நாடகம் உண்மையிலேயே உருவாகிக்கொண்டிருந்தது. பெண்களே பேசிப் பேசிக் கட்டினார்கள். கால்வாய்க்கரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை எங்களுக்கே போட்டுக்காட்டி என்ன பிரயோஜனம்? பூட்டுறவங்க பார்க்க வேண்டாமா?" என்றாள் மாலதி. சால்ட் லேக்கில், எங்கள் பிளாக் பூங்காவில் போட வேண்டும் என்றார்கள். ஷுப்ரா-திக்குப் பயம், வேலை போய்விடுமே என்று. "முகத்தை மூடிக்கறோம்" என்று பழைய பேப்பரையும் பசையையும் வைத்து முகமூடி செய்தார்கள். பிளாக் கமிட்டி செயலாளர் இதை ஏதோ நாட்டுப்புற நடனம் என்று நினைத்து அனுமதி கொடுத்துவிட்டார்.

குளிர்கால ஞாயிறு. மடக்கு நாற்காலிகள், ஆரஞ்சுப் பழம், வேர்க்கடலை. முன் வரிசையில் செல்வி அக்காவும் அண்ணாச்சியும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கூப்பிடவில்லை. மாலதி எடுத்துக்கொண்டது வேலைக்காரி வேஷம் இல்லை, கட்டிலில் கிடக்கும் பெரியவர் வேஷம். முகமூடிக்குள்ளிருந்து இருமினாள். அண்ணாச்சியின் கடலைக் கை பாதியில் நின்றது. அது அவர் அப்பாவின் இருமல், அச்சாக. புகை வருகிறது, வேலைக்காரி கதவைத் தட்டுகிறாள், அதோடு நாடகத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கூட்டத்தைப் பார்த்து வங்காளியில் கேட்டார்கள்: "சாபி கார் காச்சே?" சாவி யாரிடம்?

கேட்கிற கேள்விக்குப் பதில் வராமல் நாடகம் படுத்துவிடும் பயத்தை, மேடை ஏறிய யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தேபு-தா டோலக்கில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். அப்போது செல்வி அக்கா எழுந்தார். மத்தியானங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணாச்சி வருகிறவரை உட்கார்ந்திருந்தது அரட்டைக்காக அல்ல என்று எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. நெல்லை இழுவை மாறாத வங்காளியில், பூங்கா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"என்கிட்ட இல்ல. இன்னைக்கு வரைக்கும் இவுக பாக்கெட்லதான் இருக்கு."

திறந்த கதவு

அதற்குப் பிறகு நாடகம் நடக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். செயலாளர் வந்து, இனி பூங்கா கிடையாது என்று ஷுப்ரா-தியிடம் சொன்னார். முகமூடி போட்டும் என்ன, குரலை வைத்தே கண்டுபிடித்து இரண்டு பெண்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்காததால் மாலதியின் வேலை தப்பியது, பூட்டும் அப்படியே இருந்தது. வேறு வீடு கிடைக்கிறவரை அந்த இரண்டு பேரும் பட்ட பாட்டைப் பார்த்து, நாங்கள் செய்தது சரிதானா என்று ஷுப்ரா-தியும் நானும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். செல்வி அக்கா எங்கள் பக்கம் வரவே இல்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற பயத்தில் நான் தினமும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் அக்காவே வந்து சொன்னார். முந்தின நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு தெருவில் போகும் சாவிக்காரர் ஒருவர் எதிரே வந்தாராம். அக்கா அவரை மாடிக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டார். அவர் கம்பியை விட்டு அராவி அராவிப் பார்க்க, உள்ளேயிருந்து மாலதி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்த, பூட்டு திறந்துகொண்டது. இருபுறமும் திறக்கிற அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி செய்தாயிற்று. ஒன்று அக்காவுக்கு, ஒன்று மாலதிக்கு. சாயங்காலம் அண்ணாச்சி வந்தபோது கதவு விரியத் திறந்திருக்க, இருவரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்ன செய்வதென்று தெரியாமல், திறந்த கதவுக்கு வெளியே நின்று தன் வீட்டு பெல்லைத் தானே அடித்தாராம். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் உள் அறையில் படுத்திருந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

"யாரா இருந்தாலும் கதவச் சாத்தாம உள்ள வாங்க, காத்து வருதுல்லா."

வருஷா வருஷம் அறிக்கையில் 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்பட்டது' என்று டைப் அடித்த நான், ஒவ்வொரு தடவையும் நடுத்தெருவில் பேந்தப் பேந்த விழித்தது நாங்கள்தான் என்பதை மட்டும் கடைசிவரை அடிக்கவே இல்லை.