என் வயிற்றுக்காக ஒரு மொய் விருந்து

என் வயிற்றை வெட்டிச் சிறிதாக்கிக்கொள்வதற்காக ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி போட்டவள் நான். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் கீரமங்கலம் பக்கத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்து யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். பணம் தேவைப்படுகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட வருகிறவர்கள் யாருக்குச் செய்ய வேண்டுமோ அவருடைய மேஜையில் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பின்னால் எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பி, அதற்கு மேல் கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். புதிது போட்டால் உறவு தொடர்கிறது. வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பினால், உனக்கும் எனக்கும் இத்தோடு போதும் என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வேலை பூ கமிஷன் கடையில். மல்லிகையும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வரும், எடை போட்டு பில் எழுத வேண்டும். ஒருநாள் லோடு ஏற்றுகிறவர்கள், தராசு தாங்குகிறதா பார்ப்போம், ஏறுங்க அக்கா என்று கேலி செய்தார்கள். ஏறினேன். நூற்றுப் பதினெட்டு கிலோ. நானே உரக்கப் படித்தேன். பிறகு சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் தராசில் ஏறச் சொல்லி அவரவர் எடையையும் அதே குரலில் படித்தேன். ஒருத்தர் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

கேலி எனக்குப் பெரிய விஷயமில்லை. சர்க்கரை மாத்திரையிலிருந்து ஊசிக்கு வந்துவிட்டது. முட்டி இரண்டும் போய், பஸ்ஸில் ஏற கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஒன்பதாவது படிக்கிற என் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குறட்டைச் சத்தம் நின்றால் என்னை உலுக்குவாள். பகலில் பள்ளிக்கூடத்தில் அவள் தூங்கி விழுந்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். அதைக் கேட்ட அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

சோற்றைக் குறைத்தால் போதுமே என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர், வெந்நீரில் தேன், எல்லாம் குடித்தவள்தான் நான். ராத்திரிச் சோற்றை வருஷக்கணக்கில் விட்டவள். இரண்டு தடவை எடையை இறக்கினேன், இரண்டு தடவையும் அது வட்டியோடு திரும்பி வந்தது. திருச்சி டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் மேல் தப்பில்லை, உடம்பு அப்படித்தான் திரும்பி ஏற்றிக்கொள்ளும், வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வரும் என்றார். தப்பில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது. செலவு நாலரை லட்சம் ஆகும் என்றார். அழுகை நின்றுவிட்டது.

பணத்துக்கு நான் தட்டாத கதவில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு அது செல்லாது என்றார்கள். போன வருஷம் எடுத்திருந்த பாலிசியைப் பற்றி ஏஜெண்டிடம் கேட்டேன். அழகுக்குச் செய்துகொள்வதற்கெல்லாம் தர மாட்டார்கள் என்றார். சர்க்கரை அழகா என்று கேட்டேன். மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, தருவார்கள், ஆனால் பாலிசி எடுத்து மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியிலேயே மாதத் தவணை போட்டுக் கொடுக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், சம்பள சிலிப் கேட்டாள். பூக்கடையில் சனிக்கிழமை சனிக்கிழமை கையில்தான் கூலி, சிலிப்புக்கு எங்கே போவது? நகைகள் ஏற்கனவே வீடு கட்ட பேங்கில் இருந்தன. கழுத்தில் தாலிச் சங்கிலி ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஆடியில் எங்கள் வீட்டு முறை வந்தது. பல வருஷமாக ஊர் முழுக்கச் செய்த மொய் திரும்பி வரவேண்டிய ஆடி. என் வீட்டுக்காரருடைய அண்ணன், எங்கள் மூத்தார், அந்தப் பணத்தில் பொதுத் தென்னந்தோப்புக்கு போர்வெல் போடுவதென்று எப்போதோ முடிவு செய்திருந்தார். எனக்கு ஆபரேஷனுக்கு வேண்டும் என்று எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் கேட்டேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், நாலு பேர் இருந்தால் வாயே திறக்காதவர். தட்டைப் பார்த்துக்கொண்டே, அவள் கூலியிலும்தானே மொய் எழுதியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். கடைசியில் மூத்தார் ஒரு வழிக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஊருக்கு போர்வெல்லுன்னே சொல்லிக்குவோம். வயித்துக்குன்னு தெரிஞ்சா ஒருத்தனும் புதுசு போடமாட்டான்."

"நானாச் சொல்ல மாட்டேன் மாமா. யாரும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

யாராவது கேட்காமல் இருப்பார்களா?

இதில் நான் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். விருந்துத் தேதி ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து குறித்தது, மாற்ற முடியாது. பணம் கைக்கு வந்த சூட்டோடு ஆபரேஷன் முடியட்டும் என்று ஆஸ்பத்திரியில் அதற்கு அடுத்த வாரம் தேதி வாங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் கஞ்சித் தண்ணீர், மோர், புரோட்டீன் மாவு கரைத்த பால் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியாக, அண்டா அண்டாவாகக் கறி கொதிக்கிற பந்தலில், விருந்து வைத்தவளான நான் மோர் பாட்டிலும் கையுமாக நின்றேன். பந்தி பந்தியாகப் போய், நல்லாச் சாப்பிடுங்க, கறி வாங்கிக்கங்க என்று உபசரித்தேன். பசியில் கண் இருட்டியது. அந்த வாசனை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் தெருவில் மாடி வீட்டுக்காரர் ஒருவர், தேங்காய் வியாபாரி. அவர் விருந்து வைத்தபோது நாங்கள் பெரிய தொகை எழுதியிருந்தோம். அந்தப் பணம் வந்துதான் மாடி எழும்பியது. அவர் சாப்பிட்டுக்கொண்டே, நீ சாப்பிடலையாம்மா என்றார். இல்லைங்க, ஆபரேஷன் இருக்கு என்றேன். என்ன ஆபரேஷன் என்றார். சொன்னேன். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் சிரித்தார்.

"முன்னாடியே வாயக் கட்டிருந்தா இந்தப் பந்தலே தேவப்பட்டிருக்காதே."

சிலர் சிரித்தார்கள். சிலர் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்திக்குப் போயிருக்கலாம். மூத்தார் தூரத்திலிருந்து அதைத்தான் கையால் ஜாடை காட்டினார். நான் நகரவில்லை.

"நீங்க மாடி கட்டணும்னு விருந்து வச்சப்ப, கீழ் வீட்ல இருக்க முடியாதான்னு நாங்க கேக்கலைங்க. எழுதிட்டுத்தான் வந்தோம்."

அவர் இலையை மூடி எழுந்தார். கை கழுவிவிட்டு நேராக எங்கள் மேஜைக்குப் போனார். நாங்கள் எழுதியது எவ்வளவோ அவ்வளவை மட்டும், ஒரு ரூபாய் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னும் பத்திருபது பேர் அப்படியே செய்தார்கள். மத்தியானத்துக்குள் பந்தல் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. மூத்தார் என் பக்கம் திரும்பவே இல்லை. கறிச் செலவில் எங்கள் பங்கைக் கழித்துப் பார்த்தால் பணம் குறைந்தது, நிறையவே குறைந்தது. வாயை அடக்கியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

சாயங்காலப் பந்திக்கு, எங்கள் கடைக்குப் பூப்பறித்துக் கொண்டுவருகிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மொய் எங்கள் பக்கத்தில் ஆம்பளைப் பெயரில் எழுதுவது. இவர்கள் யாருக்கும் தங்கள் பெயரில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சாப்பிட்டுவிட்டு வந்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்தும் ஜாக்கெட்டுக்குள்ளிருந்தும் ஐந்நூறு ஆயிரம் என்று எடுத்து நீட்டினார்கள். யார் பெயரில் எழுதட்டும் என்று மேஜையில் இருந்தவர் கேட்டார். எங்க பேர்ல, அக்கா பேருக்கு என்றார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா செய்வீங்கள்ல?" என்று கேட்டாள். செய்வேன் என்றேன். அத்தனையும் புது மொய்.

அதற்கப்புறமும் துண்டு விழுந்தது. தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு சங்கிலியை பேங்கில் வைத்தேன். கயிறு தெரியாமல் சேலையை இழுத்து மூடிக்கொள் என்று மாமியார் சொன்னார். மூடவில்லை. சங்கிலி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் திருச்சியில் என்று பதில் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பில்லில் இல்லாத செலவெல்லாம் அதன் பிறகுதான் வந்தது. மாதாமாதம் புரோட்டீன் டப்பா, வைட்டமின் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, திருச்சிக்குப் போக வர வண்டிச் செலவு. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, திரும்பி முளைத்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். முக்கியமாக ஒன்று, என் மகள் இப்போது தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். அவளை எழுப்புவதுதான் எனக்கு இப்போது காலையில் பெரிய வேலை.

ஊர் ஓயவில்லை. முகம் ஒட்டிப்போச்சே, களை போயிருச்சே, இம்புட்டுப் பணத்தைக் கொட்டி ரெண்டு வாய் சாப்பிடத்தானா என்கிறார்கள். முன்பெல்லாம் என் இலையில் என்ன விழுகிறது என்று பார்த்தார்கள். இப்போது என்ன மிச்சம் கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். என் இலையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று இருக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்த ஆடியில், நாளைக்குச் செய்வீங்களா என்று கேட்ட அந்தப் பெண் விருந்து வைத்தாள். நாலு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து, தன் பெயரிலேயே வைத்தாள். மேஜையில் என் பெயரைச் சொல்லி, அவள் கொடுத்ததையும் அதற்கு மேல் புதிதாக இரண்டு மடங்கும் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். சின்னச் சின்னத் துண்டாக ஐந்து கறி, ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன். மாவாகிற வரை மென்றுதான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து விருந்தில் ஒரு பந்தி சாப்பிடும்போதே அடுத்த பந்திக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். பந்தி முழுக்க எழுந்து போனது. இலை எடுப்பவர்கள் வந்தார்கள். நான் மூன்றாவது துண்டில் இருந்தேன்.

பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்த மாடி வீட்டுக்காரர், என் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வேறு ஒருவருக்கு மொய் செய்ய வந்திருக்கிறார். மற்ற நாற்காலிகளில் எல்லாம் ஆள் உட்கார்ந்துவிட்டது.

"எந்திரிம்மா, எம்புட்டு நேரம்" என்றார்.

"டாக்டர் நல்லா மென்னு சாப்பிடச் சொல்லிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு நாலாவது துண்டை எடுத்தேன்.