ஆறு பலாப்பழமும் ஒரு தார்ப்பாயும்

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நாற்பத்தாறாவது வளைவில் நான் செய்த காரியத்தை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பலாப்பழம் வரைக்கும் சொல்வேன். போன் செய்ததை விட்டுவிடுவேன்.

மனைவிக்கு இருதய அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. பிழைத்து எழுந்தால் மலைக்கோயிலுக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சூடு ஆகாது, நினைத்த நேரத்தில் படுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மகள் ஒரு கேரவனை வாடகைக்கு ஏற்பாடு செய்தாள். வேன் அளவுதான். உள்ளே படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்பு. கூரை மேல் பெட்டி மாதிரி ஏசி. டிரைவர் அடிவாரத்து ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். பதினோரு வருடம் லாரி ஓட்டியவர், இதில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம்.

“இப்பத்தானுங்க மாசத்துல பாதி நாள் ஊட்ல சோறு திங்கறேன். சின்னவ இப்பத்தான் என்னையக் கண்டா அழுகாம இருக்கறா” என்று மலையேறும்போது சொன்னார்.

திரும்பும் நாள் காலையில் மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறு பலாப்பழம் வாங்கினேன். கொல்லிமலைக்குப் போய்ப் பலா இல்லாமல் வந்தால் எங்கள் பக்கத்தில் போனதாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே வைத்தால் அந்த வாசனை மனைவிக்குக் குமட்டும். ஆகவே கூரை மேல், ஏசிப் பெட்டிக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. வளைவுகளில் குரங்கு தொல்லை உண்டு என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து தார்ப்பாய் போர்த்தி நானே கட்டினேன். பதினான்கு முடிச்சு. டிரைவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். வந்ததும், “நா ஒருக்கா ஏறிப் பாத்துர்றனுங்க சார்” என்றார். பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

அந்த மலைப்பாதையில் எழுபது வளைவு, எண் அடிவாரத்திலிருந்து தொடங்கும். இறங்கும்போது ஐம்பத்தெட்டாவது வளைவில் மனைவி, “ஏனுங்க, காத்து சூடா வருது” என்றாள். என்னிடம் எப்போதும் ஒரு சின்ன வெப்பமானி இருக்கும். அது இருபத்தைந்து காட்டியது. நாற்பத்தாறாவது வளைவுக்குள் முப்பத்தொன்று ஆகிவிட்டது. அங்கே ஓரத்தில் இடம் இருந்தது, நிறுத்தினோம்.

டிரைவர் பதறவில்லை. ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார், தூசி இல்லை. ஏசியை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட்டார். மேலே உறுமல் கேட்டது, நான்கு நிமிடத்தில் நின்றது. மறுபடி மூன்று நிமிடம். மூன்றாவது தடவை இரண்டு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

“எத்தன சொட்டு வேர்வைன்னும் எழுதிக்கோங்க” என்றாள் மனைவி, படுத்தபடியே.

“மேல மிசினு சூடேறித் தானா நிக்குதுங்க சார். கயித்த அவுத்துப் பாக்கோணும்” என்றார் டிரைவர்.

“கயிற்றில் கை வைக்க வேண்டாம்” என்றேன்.

“எண்ணித்தானுங்க வெச்சிருப்பீங்க, ஒண்ணும் கொறையாதுங்க.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் என் மனதில் அப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் கையில் கயிறு அவிழ்ந்தால் ஆறு ஐந்தாகும் என்று நினைத்தேன். மனைவிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தபோது இதை நினைத்தேன். பிடிபட்ட கோபத்தில் இறங்கிப்போய், இரண்டு கோடு சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று வண்டி முதலாளிக்குப் போன் செய்தேன். உங்கள் டிரைவர் வண்டியைக் கவனிப்பதே இல்லை, உள்ளே இருதய நோயாளி இருக்கிறாள், ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்றேன். டிரைவர் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தார்.

உடனே அவர் போன் அடித்தது. ஐந்து ‘சரிங்க’, ஒரு ‘இல்லீங்க’ கேட்டது. பிறகு என்னிடம் வந்து, “அடிவாரத்துல வேற ஆளு வருவாருங்களாம். சாவியக் குடுத்துட்டு என்னைய ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாருங்க” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குரங்கு கூரையில் குதித்துத் தார்ப்பாயை இழுத்தது. அதைத் துரத்த டிரைவர் ஏணியில் ஏறினார்.

“சார், ஏசிப் பொட்டியவும் சேத்துப் போத்தியிருக்குங்க. சூடு போக வழியில்லீங்க.”

போர்த்தியிருக்கு என்றுதான் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. முடிச்சுகளை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கி, பெட்டி ஆறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் போட்டதும் உறுமல் நிற்கவில்லை. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்துநான்கு.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அவரு மொதலாளியக் கூப்புடுங்க.”

கூப்பிட்டேன். தவறு என்னுடையது, தார்ப்பாயைக் கட்டியது நான் என்றேன். முதலாளி சிரித்தார். “பெரிய மனசு பண்ணிப் பேசறீங்க சார். பாவம் பாத்தா இவனுகளை வெச்சு வேலை வாங்க முடியாது. அடிவாரத்துல ஆளு நிக்கும்.”

முதலில் சொன்ன பொய்யை அவர் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். உண்மையைச் சொன்னால் தயாள குணம் என்கிறார். அந்தப் பாராட்டைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு நானே ஏணியில் ஏறினேன். ஏழு படி. “வேண்டாமுங்க சார், உழுந்துருவீங்க” என்று டிரைவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் வேலையில் சேர்த்துவிட்ட ஆள் இல்லை அவர். வேலையை விட்டுப் போக வைத்த ஆள். என் கால் படியில் வழுக்கியபோது அவர் கைதான் தாங்கியது. தார்ப்பாயைக் காலையில் இருந்தபடியே பெட்டி மேல் இழுத்துக் கட்டி, முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி இறங்கி நின்று படம் எடுத்தாள். ‘இப்படிக் கட்டியது நான். அவிழ்த்துப் பார்க்க டிரைவர் கேட்டார், நான் விடவில்லை’ என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் ஓய்வுபெற்ற பதவியையும் போட்டு முதலாளிக்கு அனுப்பினேன். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துப் ஏசிப் பெட்டியை மூடாமல் பழங்களை மட்டும் போர்த்திக் கட்டினோம்.

முப்பத்தொன்றாவது வளைவில் டிரைவருக்குப் போன் வந்தது. ஓரமாக நிறுத்திப் பேசினார். வைத்துவிட்டு, கண்ணாடியில் மனைவியை மட்டும் பார்த்து, “நானே ஓட்டிட்டு வரலாமுங்களாம், அம்மா” என்றார்.

மீதி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அவரிடம் பேச வாயைத் திறந்து மூடினேன். ஒன்றாவது வளைவு தாண்டிச் சமதளம் வந்த பிறகுதான், “தம்பி, என்னை மன்னிச்சிருங்க” என்று சொல்ல முடிந்தது.

“சரிங்க” என்றார். முதலாளியிடம் சொன்ன அதே சரிங்க.