நம்பாதீங்க என்று சொன்ன ரைஸ்மில் முதலாளி

அன்று காலை மில் சத்தம் கேட்கவில்லை. கரண்ட் போயிருந்தால் என் வீட்டு விளக்கும் அணைந்திருக்கும், அது எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் மில்லை நிறுத்திவிட்டு வாய்க்காலில் எதையோ திறந்துவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மூட்டை தூக்கும் செல்வம் எதிரே வந்து, "முதலாளி தவறிட்டாருங்க" என்றான்.

குடவாசல் பக்கத்தில் ரைஸ்மில் வைத்திருந்த ஞானமுத்துவை உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலில் அவரோடு ஜெபித்தவர்கள் இருப்பீர்கள், அவரிடம் நெல் போட்டவர்கள் இருப்பீர்கள். நான் அடுத்த வயல்காரன். எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல எங்கள் விவசாயச் சங்கத்துச் செயலாளர் எழுதுகிறார். சரியாக எழுதினாரா என்று திருப்பிப் படிக்கச் சொல்லியும் கேட்டுக்கொண்டேன்.

புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைத்த தண்ணீர் அவர் மில்லிலிருந்து வாய்க்காலில் இறங்கும். குடலைப் பிடுங்கும் நாற்றம். ஒரு குறுவைக்கு என் நாற்றங்காலே அழுகிப்போனது. சண்டை போட்டேன். கொஞ்ச நாள் கழித்து, தஞ்சாவூரில் அதிகாரிகள் கூட்டம், வாங்கண்ணே போவோம் என்று காரோடு வந்து நின்றார். சண்டைக்காரனை எதற்கு ஏற்றிக்கொண்டு போகிறார்? ஆட்சேபணை இல்லை என்று சொல்லவைக்கத்தான் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

கூட்டத்தில் மில்காரர்களுக்கு ஒரே பேச்சு. வெளிமாநில அரிசி மலிவாக வந்து இறங்குகிறது, இங்கே கரண்ட் விலை ஏறுகிறது, போதாததற்குக் கழிவுத் தண்ணீருக்கு வேறு விதி. அதைத் தளர்த்தினால்தான் தொழிலில் நிற்க முடியும் என்றார்கள். அதிகாரி என்னைக் கேட்டார். நாற்று அழுகியதைச் சொன்னேன். எல்லாரும் ஞானமுத்துவை முறைத்தார்கள்.

அவர் எழுந்தார். "அண்ணன் சொல்றது நெசம். விதியில கை வைக்காதீங்க. தண்ணிய சுத்தம் பண்ற மோட்டாருக்குக் கரண்ட் விலையக் குறைங்க."

திரும்பும்போது, என் நாற்றைக் காட்டி நீங்கள் சலுகை வாங்கப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. உங்க நாத்தும் பொழைக்கட்டும், எம் மில்லும் பொழைக்கட்டும்."

ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? நான் சந்தேகப்பட்டேன்.

சலுகை வந்தபாடில்லை. ஆனாலும் கழிவுத் தண்ணீருக்குத் தொட்டி கட்டி, காற்றடிக்கும் மோட்டார் வைத்தார். அதிகாரியின் ஜீப் வந்தால் மட்டும் மோட்டாரைப் போடுகிற மில்கள் உண்டு. இவரும் அப்படித்தானா பார்ப்போம் என்று ஒரு மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். மோட்டார் ஓடவில்லை. முதலாளி தலையைச் சொறிந்தார்.

"பில்லு தாங்கலண்ணே."

"ஜீப்பு வந்தா மட்டும் தாங்குமாக்கும்?"

"ஜீப்புன்னா தூரத்துலயே சத்தம் கேக்கும். நீங்க நடந்துல்ல வந்துட்டீங்க."

அவரே போய் சுவிட்சைப் போட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நான் எப்போது வந்தாலும் கேட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "என்ன நம்பாதீங்கண்ணே. வந்து பாத்துக்கிட்டே இருங்க. ஒருத்தர் பாக்குறாருன்னாத்தான் எனக்கும் சுவிட்சுல கை போவுது" என்றார்.

அதற்குப் பிறகு என் நாற்று அழுகவில்லை. அவர் நல்லவர் என்று சொல்ல எனக்கு இன்னமும் தயக்கம்தான். சந்தேகப்பட்டவனை உள்ளே விட்டார். அது எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்தச் சந்தேகத்தைத்தான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு மில்லைப் பார்க்க வந்திருக்கிறார். "அப்பா மாதிரியே நடத்துவேன், என்ன நம்புங்க பெரியப்பா" என்றார்.

அவர் அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"வாட்ச்மேன்கிட்ட சொல்லிவைங்க தம்பி. நாளைக்கு வருவேன்" என்றேன்.