பின் வலப்பக்கத்து போல்ட்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். என் மனைவி சுமதி கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்தால், கட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு வாரம் கேட்டுக் கேட்டே அவளை ஒருவழி பண்ணிவிடுகிற ஆள் நான். இருபது வருடமாக மெக்கானிக். வண்டி சத்தம் போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சமயம். இப்போது சொல்லப்போவதற்கும் நீங்கள் ஒரு காரணம் தேடித் தந்தால் எனக்குப் பெரிய உதவி.

இருப்பது கனடாவில், மொன்றியல் பக்கம். வீடு லொங்குய்யில், வேலை லாசாலில் ஒரு சின்னக் கராஜில். குளிர்காலம் தொடங்கினால் எங்களுக்கு வருகிற வேலையில் பாதி, சைட்-பை-சைட் வண்டிகளுக்கு ட்ராக் பூட்டுவது. ஜீப்பைச் சுருக்கி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரிச் செய்த காட்டு வண்டி அது. ஆழமான பனியில் அதன் டயர் புதைந்துவிடும். அதனால் நாலு சில்லையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புல்டோசருக்கு இருப்பது போன்ற ரப்பர் பட்டைகளைப் பூட்டுவோம். அதுதான் ட்ராக். ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் ஒரு கம்பி உண்டு, ட்ராக் குப்புறச் சுழன்றுவிடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பிக்கு இரண்டு போல்ட். ஒன்று இல்லாவிட்டாலும் சமதரையில் வண்டி ஓடும், ஒன்றுமே தெரியாது. மேட்டில் ஏறினால் மற்றதும் முறிந்து, ட்ராக் சுழன்று, வண்டி குடைசாய்ந்துவிடும்.

டொக்டர் ரகுநாதன் எலும்பு வைத்தியர், சென்னைக்காரர், என்னைவிட வெகுகாலம் முன்பே மொன்றியலுக்கு வந்தவர். வடக்கே மலைப்பக்கத்தில் அவருக்கு ஒரு கொட்டேஜ் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தப் பாதையில் கார் போகாது, அதற்காகத்தான் வண்டியையே வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை ட்ராக் பூட்டக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், ஒருநாள் குடும்பத்தோடு வாருங்கள் என்று கொட்டேஜ் இருக்கும் இடத்தை எனக்கு வாட்சப்பில்கூட அனுப்பினார். மூன்று ட்ராக் முடிந்து, கடைசியாகப் பின் வலப்பக்கத்தில் நிற்கிறேன், கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து போன். என் சின்னவளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பிள்ளையைச் சுமதியிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் வண்டியை லிஃப்டில் இருந்து இறக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மதியத்துக்கு முன்னால், பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கார்த் திறப்பை எடுக்க ஜாக்கெட் பைக்குள் கையை விட்டேன். போல்ட் கையில் தட்டுப்பட்டது. எந்தப் போல்ட் என்று யோசிக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை, போன் வந்தபோது கையில் வைத்திருந்த பின் வலப்பக்கத்துக் கம்பியின் போல்ட். அன்றைக்குத்தான் அவர் கொட்டேஜுக்குத் தன்னுடைய பத்து வயது மகளையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். போன் அடித்தேன், அடித்தேன், அந்த மலைக்குள் சிக்னல் இல்லை. பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்க வேண்டும்தான். விசயம் முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடுமே என்று பயந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம். மருந்தை வாசலில் வைத்துச் சுமதியிடம் கொடுத்தேன்.

“இந்தப் பனிக்குள்ள எங்க போறியள்?”

“வேலை விசயம். பேந்து கதைக்கிறன்.”

ஒன்றரை மணி நேரத்தில் போகவேண்டிய இடம், பனிக்குள் இரண்டரை மணி நேரம் எடுத்தது. பாதை முடிகிற இடத்தில் டொக்டரின் காரும் வெறும் ட்ரெய்லரும் நின்றன. அங்கிருந்து காட்டுக்குள்ளே ட்ராக் தடம். ஸ்பானரையும் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்தத் தடத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பட்டப்பகல், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, மரம் எது வானம் எது என்று தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதும் ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

செங்குத்தான மேடு தொடங்குகிற இடத்தில் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டொக்டர் இறங்கி வந்து கத்தத் தொடங்கினார்.

“எங்க போயிட்டீங்க நேசன்? இங்கயே இருங்க, வரேன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரமா ஆளையே காணோம்! குழந்தை குளிர்ல நடுங்குது!”

“நானோ டொக்டர்? நான் இப்பதானே வாறன்.”

“விளையாடாதீங்க. நீங்கதானே குறுக்க வந்து கையைக் காட்டி நிறுத்தினீங்க? பின்னாடி குனிஞ்சு பார்த்துட்டு, ஒரு போல்ட் இல்லை, மேட்டுல ஏறாதீங்கன்னு சொன்னீங்க. என் பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோன்னு கையைக்கூடப் பிடிச்சீங்களே! ஆமா, அப்ப கராஜ் ஓவரால்தானே போட்டிருந்தீங்க, இந்த ஜாக்கெட் எப்ப மாத்தினீங்க?”

மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “நான்தான் சொன்னேனே அப்பா, அங்கிள் திரும்பி வருவார்னு.”

நம்பினால் நம்புங்கள். வண்டியின் பின் வலப்பக்கத்தில் பனியில் சப்பாத்துத் தடங்கள் இருந்தன, பாதி மூடியபடி. நான் வந்த பாதையில் இல்லை. மரங்களுக்குள் இருந்து வந்து, திரும்ப மரங்களுக்குள் போயிருந்தன. பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம், எனக்குத் துணிவு வரவில்லை. குனிந்து போல்ட்டைப் பூட்டினேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக்கூட யாரோ எனக்கு முன்னால் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியெல்லாம் காரணம் தேடினேன். ஸ்னோமொபைல்காரன் யாராவது நிறுத்தியிருப்பானா? அவனுக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படித் தெரியும்? போல்ட் இல்லாதது எப்படித் தெரியும்? டொக்டர் கனவு கண்டாரா? கனவு கண்டவர் சரியான இடத்தில் பிரேக் பிடிப்பாரா, அதே கனவை மகளும் காண்பாளா? வீட்டில் சுமதியிடம் சொன்னேன். வழக்கமாக நான் அவளை நக்கலடிப்பதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டப் போகிறேன் என்று இருந்தேன், அவள் நேரே சாமியறைக்குள் போய்விட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்து டொக்டர் வண்டியைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தரம் பார்த்தேன். முடிந்ததும் அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க. அந்த வலது காலைக் காட்டுங்க.”

“காலுக்கு என்ன டொக்டர்?”

“அன்னைக்கு நீங்க மரத்துப் பக்கம் நடந்து போறதைப் பார்த்தேனே. முழங்கால் மடங்கவே இல்லை, இழுத்து இழுத்துப் போனீங்க. பழைய முறிவு, சரியா ஒட்டலை. பத்து வருஷமாவது இருக்கும். ஏன் யார்கிட்டயும் காட்டாம விட்டீங்க?”

என் வாழ்க்கையில் ஒரு எலும்பும் முறிந்ததில்லை. ஆனாலும் காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அவர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், பெருவிரலால் அழுத்திக்கொண்டே கணுக்கால் வரைக்கும் போனார். திரும்ப மேலே வந்தார். சந்தேகத்துக்கு இடது காலையும் பார்த்தார்.

“இது அந்தக் கால் இல்லையே” என்றார்.

இது நடந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது, கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த முறிவு எனக்கு இனிமேல்தான் வரப்போகிறதோ என்னவோ. வண்டி ஏற்றிய லிஃப்டுக்குக் கீழே நிற்கும்போது மட்டும், யாரும் பார்க்காமல், வலது காலைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.