பங்களாவோடு சேர்ந்த கார்

நாகரசம்பட்டி தாண்டி, மாந்தோப்புக்குள் கூரை விழுந்த ஒரு பழைய பங்களா. வௌவால் எச்சத்தை மிதித்துப் படமெடுத்துவிட்டு வெளியே வருகிறேன். வின்டேஜ் என்று நான் பீற்றிக்கொள்ளும் என் அம்பாசடரின் பம்பரில் ஓர் ஆடு கட்டியிருக்கிறது. இன்னோர் ஆட்டைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா நிற்கிறார்.

"ஏம்மா, என் கார்லயா ஆட்டக் கட்டுவீங்க?"

"உங்களுதா சார்? பங்களாவோட சேந்து கெடக்குதுன்னு இல்ல நெனச்சேன். இது ஓடுமா?"

எனக்குச் சுருக்கென்கிறது. "ஓசூர்லேர்ந்து இதுலதாம்மா வந்தேன்."

"அப்டின்னா எடுங்க, பாக்கலாம்," என்று ஆட்டை அவிழ்க்கிறார்.

சாவியைத் திருப்புகிறேன். வண்டி ஒருமுறை இருமுகிறது. மறுபடி திருப்புகிறேன், இருமல்கூட இல்லை.

அந்த அம்மா அவிழ்த்த ஆட்டைப் பழையபடி பம்பரில் கட்டிவிட்டு, கையிலிருந்ததைக் கதவுக் கைப்பிடியில் கட்டுகிறார்.